கேஸ் என்ன ஆயிற்று?

காலையில் பத்திரிகை வந்ததும் கொலைச் செய்தியைத் தேடிப் பிடித்துப் படிக்கிறவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. "தலையங்கம் பார்த்தேன்" என்பார்கள். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. ராதாபுரத்து டீக்கடைப் பெஞ்சில் எந்தத் தாள் முதலில் கைமாறுகிறது என்று கவனித்திருக்கிறேன். சட்டசபை நடவடிக்கைகள் அடங்கிய தாள் அன்று!

இந்த ருசியைப் பத்திரிகைகள் உண்டாக்கிவிடவில்லை. அவை சாமானியர் கைக்கு வருமுன்பே கொலைச் சிந்து இருந்தது. மட்டமான காகிதத்தில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலடியிலும் பாடிக்கொண்டே விற்பார்கள். எங்கள் தென்பாண்டிச் சீமையில் 1923-ல் போலீசார் கையில் மாண்ட ஜம்புலிங்கத்தை ஜனங்கள் பாட்டின் மூலமாகத்தான் அறிந்தார்கள். பாட்டில் அவன் பெயர் செம்புலிங்கம். டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் 1927-ல் அவன் கதையை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். சிந்து பாடுகிறவனிடம் பொய் இருக்கும், புளுகு இருக்கும். ஆனால் கதையை முடிக்காமல் கீழே வைக்கமாட்டான். கொலை, பிடிபட்டது, விசாரணை, தண்டனை எல்லாம் அந்த நாலு தாளுக்குள் வந்துவிடும்.

'சுதேசமித்திரன்' காலத்துப் பத்திரிகைகளில் குற்றச் செய்தி என்றால் பெரும்பாலும் கோர்ட்டுச் செய்திதான். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். சதி வழக்கு சென்னை ஹைகோர்ட்டில் மூன்று நீதிபதிகள் முன் நடந்து, 1912-ல் தீர்ப்பாயிற்று. இம்மாதிரி வழக்குகளில் வக்கீல் கேட்டதும் சாட்சி சொன்னதும் பத்தி பத்தியாக வரும். கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்து; படமும் கிடையாது. பழைய நிருபர் கோர்ட்டில் உட்கார்ந்து எழுதினார். இன்றைய நிருபர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு எழுதுகிறார். நூறு வருஷத்து மாறுதலை எனக்கு இப்படித்தான் சொல்லத் தெரிகிறது.

1942-ல் காயாமொழிக்காரரான சி. பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் ஒரு பத்திரிகை வேண்டும் என்று நினைத்தவர் அவர். பெரிய எழுத்து, பேச்சுத் தமிழ், படம். அரிவாள் 'சதக், சதக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. இதைப் பரிகசிப்பவர்களுடன் நான் சேரமாட்டேன். பனையேறிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவரைப் படிக்க வைத்தது பள்ளிக்கூடமல்ல.

1952-ல் சென்னையில் ஆளவந்தார் கொலை நடந்தது. தலை இல்லாத உடல் ரயில் பெட்டியில் டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரை வரை வந்து சேர்ந்த வழக்கு. அப்போதும்கூட ஜனங்கள் தீர்ப்பு வரை தொடர்ந்து படித்தார்கள். அதற்கப்புறம்தான் மெள்ள மெள்ள, கைதான அன்றே கதை முடிந்துபோகிற வழக்கம் வந்தது. நிருபரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஸ்டேஷனுக்கு ஒரு நடை நடந்தால் நாலு செய்தி கிடைக்கும். கோர்ட்டில் நாள் முழுவதும் உட்கார்ந்தால் மூன்று வாய்தா கிடைக்கும்.

'பரபரப்பு வாக்குமூலம்' என்று போடுகிறார்களே, அது விசித்திரமான சரக்கு. போலீசாரிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றவாளிக்கு எதிராகக் கோர்ட்டு ஏற்காது என்று 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு சொல்லிற்று. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டமும் அதை மாற்றவில்லை. அவன் சொன்னபடி தோண்டி அரிவாள் அகப்பட்டால், அந்த மட்டுக்கும் ஏற்பார்கள். நீதிபதி நம்பக்கூடாத அதே பேச்சை, முழுசாக, 'நான்', 'எனக்கு' என்று தன்மையில் எழுதி நமக்குக் காப்பியோடு கொடுக்கிறார்கள்.

நல்ல மாறுதலும் உண்டு; மறைப்பானேன்? கெடுக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் பழைய பத்திரிகை போடத் தயங்கவில்லை. 1983-ல் சட்டம் அதைத் தடுத்தது. குழந்தைகள் விஷயத்தில் 2012-ல் வந்த போக்சோ இன்னும் இறுக்கிற்று. 'கற்பழிப்பு' என்ற சொல்லும் ஏறக்குறைய மறைந்து, 'பாலியல் வன்கொடுமை' வந்திருக்கிறது. 'அழகி கைது' மட்டும் லேசில் போவதாக இல்லை. அப்புறம், எங்கள் ஜில்லாவுக்கென்றே ஏற்பட்ட 'முன்விரோதம்'! ஜாதி, வாய்க்கால், கோயில் கொடை, தேர்தல் எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் மூட்டை கட்டிவிடலாம். நான் முந்நூறு பக்கத்தில் எழுதுவதை நிருபர் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறாரே என்று பொறாமைப்பட்டிருக்கிறேன்.

விடுதலையான மனிதனின் கதிதான் மனசை அறுக்கிறது. நட்சத்திரங்களைப் பற்றி வம்பு அச்சடித்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொலையுண்டார். தியாகராஜ பாகவதருக்கும் நாகர்கோயில்காரரான என். எஸ். கிருஷ்ணனுக்கும் தண்டனையாயிற்று. பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் இருவரும் விடுதலையானார்கள். நாடு முழுவதும் அறிந்த விடுதலை அது. அப்படியும் பாகவதர் பழைய பாகவதராக எழுந்திருக்கவே இல்லை, 1959-ல் காலமானார். பாகவதருக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாதவனை யார் கேட்பார்கள்?

எங்கள் ஊருக்கு அடுத்த கிராமத்தில் ஒரு கருப்பட்டி வியாபாரி. கொலை வழக்கொன்றில் பிடித்தார்கள். மறுநாள் காலை இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே நிற்கிற படம் வந்தது. ஆறு வருஷம் பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு அலைந்தார். இவருக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்று விடுதலை செய்தார்கள். தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு, படம் போட்ட பத்திரிகையின் ஆபீசுக்கே போனார். அதன் பெயர் இங்கே வேண்டாம். "பழைய கேஸ் ஆச்சே அண்ணாச்சி, இப்ப யாரு படிப்பா?" என்றார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்களாம்.

மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, நாங்குநேரிப் பக்கமிருந்து பிள்ளை வீட்டார் வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். பிள்ளையின் தாய்மாமன் செல்போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டி, "இது நீங்கதானா?" என்று கேட்டிருக்கிறார். இவர் உள்ளே போய்த் தீர்ப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கிலீஷில் நாற்பது பக்கம். மாமன் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

போன மாசம் அவர் அந்த நாற்பது பக்கத்தையும் என்னிடம் கொண்டுவந்தார். "நீங்க எழுதுறவுகதானே, தமிழ்ல ஒரு பக்கமா எழுதித் தாங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். ராதாபுரத்தில் ஐம்பது காப்பி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்.