மாமாவின் பெரிய வண்டியும் அதன் வால் வண்டியும்

பி.காம். படிக்கிற பையனிடம் சொந்தக்காரர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஜிஎஸ்டி, வருமான வரி, எந்த பேங்கில் வட்டி அதிகம். என் பெரிய மாமா கேட்டது வேறு. "மாப்ளே, மோட்டார்ஹோம் பின்னாடி கட்டி இழுக்க ஒரு சின்ன எஸ்யூவி வேணும். எக்செல் போட்டுக் குடு."

மாமா இருப்பது ஒஹாயோவில். ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினார். உள்ளேயே படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் இருக்கிற பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலனுக்கு எட்டு மைல் தரும் (தருமாம்). ஏற்கெனவே அவ்வளவு பெரிய வண்டி இருக்க, பின்னால் இன்னொன்றைக் கட்டி இழுப்பானேன் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

காரணம் ஒரு மழை ராத்திரி. மிச்சிகனில் ஒரு கேம்ப்கிரவுண்டில் அத்தை வண்டிப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் பில்லுக்குப் பயந்து, நாமே போய்விடலாம் என்றிருக்கிறார்கள். ஆனால் அந்த வண்டி நினைத்தவுடன் கிளம்புகிற ஜாதி இல்லை. கரண்ட் வயர், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஜாக்கிகளை மேலே ஏற்ற வேண்டும். வெளியே நீட்டியிருக்கிற அறையை உள்ளே இழுக்க வேண்டும். மாமா தனி ஆளாக மழையில் இத்தனையும் செய்து முடிக்க முக்கால் மணி நேரம். அத்தை கையைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தார். கையில் பிளேட் வைத்து வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார், சின்ன வண்டி ஒன்று கூட வராமல் இனிமேல் எங்கும் வரமாட்டேன் என்று.

மாமாவின் மனசில் இருந்தது ஜீப் ராங்லர். காரணம் இல்லாமல் இல்லை. அங்கே நாலு சக்கரமும் ரோட்டில் உருள, காரை அப்படியே கட்டி இழுத்துப் போகிறார்கள். இதில்தான் சிக்கல். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் கியர்பாக்ஸுக்கு ஆயிலை அனுப்புகிற பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சினை நிறுத்திவிட்டு நானூறு மைல் இழுத்தால் உள்ளே பாகங்கள் ஆயில் இல்லாமல் சுற்றி வெந்துபோகும். நாலு சக்கர டிரைவ் உள்ள ராங்லரில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனியாக நியூட்ரல் உண்டு. அதைப் போட்டால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடும்.

சரி, எக்செல்லைத் திறந்தேன். ஹிட்ச்சில் 5,000 பவுண்டு என்று எழுதியிருப்பதாக மாமா சந்தோஷமாகச் சொன்னார். வண்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். வண்டியும் சுமையும் சேர்ந்து உச்சம் 22,000 பவுண்டு. பின்னால் இழுப்பதையும் சேர்த்தால் 26,000. ஆக, நிரம்ப ஏற்றிக்கொண்டு போனால் இழுப்பதற்கு மிச்சம் 4,000தான். ஹிட்ச் 5,000 தாங்கலாம், எஞ்சினும் பிரேக்கும் தாங்க வேண்டாமா? நாலு கதவு ராங்லர் 4,000ஐத் தாண்டிவிடும். அதோடு உயரமான படி, அத்தையால் கையை ஊன்றி ஏற முடியாது. மாமா இரண்டு நாள் போனே பண்ணவில்லை.

அடுத்து நான் செய்தது தப்பு. ஒரு பழைய பட்டியலில் "ஹோண்டா சிஆர்-வி, இழுக்கலாம்" என்று பார்த்துவிட்டு, ஆண்டைக் கவனிக்காமல் 2016 மாடலுக்குப் பச்சைக் கலர் அடித்துக் கொடுத்துவிட்டேன். எடை சரி, விலை சரி, படி தாழ்வு. மாமா போய்ப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டார். விற்றவரும் "நியூட்ரல் போட்டா எல்லா வண்டியும் உருளும்" என்றிருக்கிறார். உருளும்தான், அதில் பொய் இல்லை. அத்தை மட்டும் கார் டப்பாவிலிருந்து மேனுவலை எடுத்து, ஒரு கையால் புரட்டி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். இந்த வண்டியை அப்படி இழுக்கக் கூடாது என்று இருந்தது. 2014 வரை பழைய மாதிரி ஆட்டோமேட்டிக், இழுக்கலாம். 2015இலிருந்து சிவிடி, கூடாது. பெயர் ஒன்று, உருவமும் கிட்டத்தட்ட ஒன்று, உள்ளே வேறு. அன்று ராத்திரி அத்தை போனில், "தம்பி, உன் கணக்கெல்லாம் சரிதான்டா, வண்டிதான் தப்பு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவர்கள் சேமிப்பில் பதினைந்தாயிரம் டாலரை நான் காலி பண்ணியிருப்பேன்.

கடைசியில் 2014 சிஆர்-வி ஒன்று கிடைத்தது. அதிகம் ஓடியதுதான், 14,500 டாலர். டோ பார், காரின் முன்னால் பொருத்துகிற பேஸ் பிளேட், பிரேக் கருவி, விளக்கு வயரிங், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 4,300. இதை நான் முதல் எக்செல்லில் போடவே இல்லை. பிரேக் கருவி வேண்டாமே என்று மாமா இழுத்தார். மூவாயிரத்து ஐந்நூறு பவுண்டு பின்னாலிருந்து தள்ளும்போது பெரிய வண்டி நிற்கிற தூரம் கூடிவிடும், பல மாநிலங்களில் சட்டமும் கேட்கிறது என்று விடாமல் பேசி வாங்க வைத்தேன்.

இப்போது கிளம்புமுன் ஒரு சடங்கு நடக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றி, டி-யில் ஐந்து நொடி வைத்து, நியூட்ரலுக்கு வந்து மூன்று நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை முதல் நிலையில் விட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் திரும்ப இதே. வேகம் 65 மைலைத் தாண்டக் கூடாது. மூன்று நிமிடத்துக்கு வாட்ச் பார்ப்பது அத்தையின் வேலை.

முதல் பயணத்திலேயே மாமா ஒரு பெட்ரோல் பங்க்கில் தப்பான பக்கம் நுழைந்து மாட்டிக்கொண்டார். காரைக் கட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்க முடியாது, முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். நடு பங்க்கில் கழற்றி, இரண்டையும் தனித்தனியாக வெளியே எடுத்திருக்கிறார்கள். காரை ஓட்டியது அத்தை.

அந்த எக்செல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ராங்லர் வரிசையை மட்டும் அழிக்க வேண்டாம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.