கைப்பிடியைச் சுற்றிய பிறகு

கைப்பிடியைச் சுற்றினால் விளக்கு எரிகிறது. இரண்டாவது விளக்கையும் இணைத்தால் கைப்பிடி கனக்கிறது. அறிவியல் கூடங்களில் பரவலாகக் காணப்படும் காட்சிப்பொருள் இது. பிள்ளைகள் ஓடிவந்து சுற்றுகிறார்கள். விளக்கு ஒளிர்ந்ததும் அடுத்த காட்சிப்பொருளை நோக்கி ஓடிவிடுகிறார்கள். அவர்கள் மகிழ்ந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், கற்றார்களா?

தொட்டு இயக்கிக் கற்கும் முறையைப் புகழ்பெறச் செய்த இடங்களுள் ஒன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள எக்ஸ்புளோரட்டோரியம். இயற்பியல் அறிஞர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் அதனை 1969ஆம் ஆண்டில் தொடங்கினார். ஜூரோங்கில் உள்ள சிங்கப்பூர் அறிவியல் நிலையம் 1977ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களுக்கு எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணுவது எளிது. என்ன கற்றனர் என்று அறிவதுதான் கடினம். ஒரு காட்சிப்பொருளின்முன் நின்ற நேரத்தை மட்டும் கொண்டும் அதைக் கூற இயலாது. இயக்கத் தெரியாமல் திகைப்பவரும் நெடுநேரம் நிற்கக்கூடும் அல்லவா?

இதற்கு ஆய்வாளர் ஜான் ஃபால்க்கும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். தாளின் நடுவே ஒரு சொல் இருக்கும். அதைப் பற்றித் தமக்குத் தெரிந்தவற்றை வருகையாளர்கள் முதலில் எழுதுவார்கள். சுற்றிப் பார்த்த பிறகு, அதே தாளில் வேறு நிற மையால் திருத்துவார்கள், புதியவற்றைச் சேர்ப்பார்கள். 'மின்சாரம் சுவிட்சிலிருந்து வருகிறது' என்று எழுதிய சிறுமி, 'நான் சுற்றிய ஆற்றலே ஒளியாக மாறியது' என்று திருத்தினால், அந்த இரண்டாவது நிறமே அவள் கற்றதற்குச் சான்று.

கற்றலுக்குக் காட்சிப்பொருள் மட்டும் போதாது. உடன் இருப்பவரின் பேச்சும் முக்கியம். அமெரிக்காவில் சிறுவர் அருங்காட்சியகம் ஒன்றுக்கு வந்த குடும்பங்களைக் கெவின் குரோலியும் பிற ஆய்வாளர்களும் கவனித்தனர். அந்த ஆய்வு 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயக்கும் முறையைப் பற்றிப் பெற்றோர் மகன்களிடமும் மகள்களிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் பேசினர். ஆனால், 'ஏன் இப்படி நடக்கிறது?' என்பதை விளக்கியபோது வேறுபாடு தெரிந்தது. மகள்களைவிட மகன்களுக்கு மூன்று மடங்கு அதிகமாக விளக்கினர். வேண்டுமென்றே எந்தப் பெற்றோரும் மகளை ஒதுக்குவதில்லை. எனினும், காரணத்தைக் கேளாமலேயே வளரும் பிள்ளை, 'அறிவியல் எனக்கு உரியதன்று' என எண்ணிவிடக்கூடும்.

விளக்குவது என்றால் விடையை உடனே கூறிவிடுவதன்று. "இன்னொரு விளக்கை இணைத்தால் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். பிள்ளை ஊகித்துச் சொன்ன பிறகு, சுற்றிப் பார்க்கச் செய்யலாம். ஊகம் தவறினால் இன்னும் நல்லது. காரணத்தைத் தேடும் ஆவல் அப்போதுதான் பிறக்கிறது.

கற்றலின் பயன் கூடத்திற்கு வெளியேதான் வெளிப்படுகிறது. ஜாலான் புசார் சாலையோரக் கடைகளில் வரிசையாக ஒளிரும் விளக்குகளைக் கடந்து செல்லும்போது, "இவை அனைத்தும் எரிய எவ்வளவு ஆற்றல் வேண்டும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், கைப்பிடியின் கனத்தை அது மறக்கவில்லை என்று பொருள். கேட்பது மகனோ மகளோ, அந்தக் கேள்விக்காகச் சற்று நின்று பேச, பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.