சீவலப்பேரியிலிருந்து ஆகாய மார்க்கம்

பாளையங்கோட்டையிலிருந்து வடகிழக்கே செல்லும் சாலையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் சீவலப்பேரியை அடையலாம். ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் பெயரால் அமைந்த பேரேரியே நாளடைவில் சீவலப்பேரி என்று மருவிற்று என்பர். குற்றாலத்து மலையிலிருந்து இறங்கி வரும் சிற்றாறு, பொதிகையில் பிறந்த தாமிரபரணியோடு கலப்பது இவ்வூரின் பக்கத்தில்தான். முக்கூடல் என்பது இவ்விடத்தின் பழம் பெயர். பள்ளுப் பிரபந்தங்களுள் பலரும் அறிந்ததாகிய முக்கூடற்பள்ளு இந்த முக்கூடலையும் இங்கே கோயில் கொண்ட அழகரையும் பற்றியதே. தமிழ் படித்தவர்களுக்கு அழகர் வாயிலாகவும், படியாதவர்களுக்குச் சுடலைமாடசுவாமி வாயிலாகவும் இவ்வூரின் பெயர் தெரிந்திருக்கும்.

ஆற்றங்கரையில் நெல்லும் வாழையும் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் பச்சை மறைந்து, கோவில்பட்டிச் சீமைக்கே உரிய கரிசல் மண் ஆரம்பமாகிவிடுகிறது. அந்தக் கரிசல் பூமியின் செல்வங்களில் ஒன்று அங்குள்ள நாய்ச் சாதி. கன்னி என்றும் சிப்பிப்பாறை என்றும் இரண்டு வகை சொல்வார்கள். ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், நீண்டு கூரிய மூஞ்சி, ஓடினால் முயலும் தோற்கும் வேகம். முயல் வேட்டை சட்டப்படி நின்றுபோய்விட்டது. நாய்கள் மட்டும் வீட்டுக் காவலுக்கென்று நிலைத்திருக்கின்றன. இவற்றின் உறவாகிய இராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலை வெளியிட்டுக் கௌரவம் செய்தார்கள். 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி தம் வானொலிப் பேச்சில் கன்னியையும் சிப்பிப்பாறையையும் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

நாய்ப் பெருமைக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

சீவலப்பேரிக்குக் கிழக்கே, தூத்துக்குடிச் சாலையில் வாகைக்குளம் விமான நிலையம் இருக்கிறது. 1992-ல் ஆரம்பித்தபோது அது சின்னஞ் சிறியது. ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர். இப்போது அதை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் புதிய நிலையக் கட்டடமும் திறக்கப்பட்டது. மாட்டு வண்டியில் திருநெல்வேலி போய்வந்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று காலைப் பலகாரத்தை ஊரிலும் மத்தியானச் சாப்பாட்டைச் சென்னையிலும் சாப்பிடுகிறார்கள். முதலில் பிள்ளைகள் போனார்கள். பிறகு வயதான பெற்றோரையும் தங்களோடு அழைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். அப்பொழுதுதான் வாசற்படியில் படுத்திருக்கும் நாலுகால் ஜீவனைப் பற்றிய கேள்வி எழுகிறது.

சென்ற ஆண்டு சீவலப்பேரியில் எனக்கு வேண்டிய ஒரு பெரியவர் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. மகன் டில்லியில் உத்தியோகம் பார்க்கிறான். தாய் தகப்பனாரை வரச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தான். வீட்டில் கன்னி இனத்து நாய் ஒன்று, கறுப்பு மேனியும் செம்பழுப்புக் கால்களுமாக. "வாத்தியாரே, கம்பெனிக்காரன் சட்டமெல்லாம் இங்கிலீஷில் போட்டிருக்கான். படிச்சு அர்த்தம் சொல்லும்" என்றார் பெரியவர். "அண்ணாச்சி, இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள்" என்று வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள் ஒரு வாரமாயிற்று. அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டதை நேயர்களுக்கும் சொல்லிவிடுவது உபகாரமாக இருக்கும்.

முதலில் அறிய வேண்டியது, எல்லா விமானக் கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரே சட்டம் கிடையாது என்பது. நாயை ஏற்றுவதா, வேண்டாமா என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தானே தீர்மானிக்கிறது. வாகைக்குளத்துக்கு வந்துபோகும் இன்டிகோ கம்பெனியார், பார்வையற்றோர் முதலியவர்களுக்குத் துணை செய்யப் பழக்கிய நாய்களைத் தவிர, வளர்ப்புப் பிராணிகளை ஏற்பதில்லை. ஆகாசா கம்பெனியார் 2022 நவம்பர் முதல் ஏற்கிறார்கள். ஏர் இந்தியாவும் ஏற்கிறது. ஆகவே ஊருக்குப் பக்கத்தில் விமானம் இருந்தும், நாயுள்ள குடும்பம் திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போய் ஏற வேண்டியதாகிறது. டிக்கட் வாங்கிய பிறகு விதியைப் படிப்பவர் பணத்தையும் மன நிம்மதியையும் ஒருங்கே இழப்பார். விதிகள் அடிக்கடி மாறுவதால், கம்பெனியாரிடம் நேரே கேட்டு, எழுத்து மூலமாகவே பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு விமானத்தில் இத்தனை பிராணிகள்தாம் என்று வரையறை உண்டு. முன்கூட்டிச் சொல்லாமல் கூடையும் கையுமாகப் போய் நின்றால் இடம் கிடையாது.

இரண்டாவது, எடை. பிரயாணிகள் உட்காரும் அறைக்குள் நாய் வரவேண்டுமானால், பையோடு சேர்த்து 10 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்பது மேற்சொன்ன இரண்டு கம்பெனிகளின் ஏற்பாடு. பூனையும் பொம்மை போன்ற சிறு நாய்களும் இதில் அடங்கும். கன்னி நாயோ பார்வைக்குத்தான் ஒல்லி. நிறுத்தால் 20 கிலோ நிற்கும். ஆகவே அது விமானத்தின் அடி வயிற்றில், சாமான் அறையில்தான் போக வேண்டும்.

"சாமான் அறை" என்றதும் பெரியவரின் சம்சாரம் கண் கலங்கிவிட்டார்கள். மூச்சு முட்டாதா, குளிராதா என்று கேட்டார்கள். பிராணிகளை ஏற்றும் அறையில் நமக்கிருப்பது போலவே காற்றழுத்தம் உண்டு. உஷ்ணமும் கட்டுக்குள் இருக்கும். ஆனால் இருட்டும் இரைச்சலும் உண்டு. பழகிய முகம் ஒன்றும் இராது. உள்ளதை உள்ளபடியே சொன்னேன். "அங்கே ஆபத்து குறைவு மதினி, ஆனால் அது சுகமான பிரயாணம் அல்ல" என்பதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை.

மூன்றாவது, கூண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் உயிர்ப் பிராணிகளுக்கென்று ஒரு விதிப் புத்தகமே வெளியிட்டு வருகிறது. அதில் கூண்டுக்குக் கணக்குச் சொல்லியிருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்கு. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை ஒரு அளவு. தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை மூட்டு வரை இரண்டாவது அளவு. தோள்களின் அகலம் மூன்றாவது. நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து தலை உச்சி அல்லது காது நுனி வரை நான்காவது. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். மூன்றாவதை இரட்டித்தால் அகலம். நான்காவதோடு விரிப்பின் கனத்தைச் சேர்த்தால் உயரம். பெரியவர் வீட்டு நாயை அளந்தோம்: 95, 36, 20, 82 சென்டிமீட்டர். கூண்டு 113 நீளம், 40 அகலம், 82-க்குச் சற்று மேல் உயரம் இருக்க வேண்டும் என்று ஆயிற்று. நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் தாத்பரியம். மனிதர்களாகிய நமக்கு ஆசனம் அமைக்கும்போது இவ்வளவு தாராளம் காட்டுவதில்லை என்பது வேறு விஷயம்!

நான்காவது விதி நம் நாட்டு நாய்க்கு அனுகூலமானது. பக், புல்டாக் முதலிய சப்பை மூக்கு நாய்களைச் சாமான் அறையில் ஏற்றப் பல கம்பெனிகள் மறுக்கின்றன. இதற்குக் காரணம் உண்டு. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து இளைத்தே அது தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. மூக்கும் மூச்சுக் குழலும் குறுகிய நாய்க்கு இது இயலாது. கொஞ்சம் பயமும் கொஞ்சம் வெயிலும் சேர்ந்தால் உயிருக்கே மோசம். அழகுக்கென்று மனிதர் மூக்கைச் சப்பையாக்கி வளர்த்த நாய்கள் பிரயாணத்துக்கு உதவாமற் போயின. கரிசல் வெயிலில் ஓடிப் பிழைத்த கன்னியின் நீண்ட மூக்கு இங்கே மதிப்புப் பெறுகிறது. ஆயினும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில், தார்த் தளத்தில் கூண்டு காத்திருக்கும் சில நிமிஷங்களே எந்த நாய்க்கும் கொடியவை. இரவு விமானமோ விடியற்கால விமானமோதான் உத்தமம்.

ஐந்தாவது, காகிதங்கள். வெறிநாய்க் கடி நோய்க்கு ஊசி போட்ட அத்தாட்சி வேண்டும். பிரயாணத்துக்குச் சில நாட்களுக்குள் மிருக வைத்தியர் பார்த்துக் கொடுத்த ஆரோக்கியச் சான்றும் வேண்டும். தூக்க மருந்து கொடுத்து அனுப்பலாமே என்று பலர் எண்ணுகிறார்கள். அது பெருந் தவறு. மயங்கிய நாயின் இரத்த அழுத்தமும் மூச்சும் உயரத்தில் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. மருந்துக்குப் பதில், ஒரு மாதத்துக்கு முன்பே கூண்டை வீட்டுக்குள் வைத்து, அதிலேயே சோறு போட்டு, அதிலேயே தூங்கப் பழக்குவதுதான் நல்ல வைத்தியம்.

கடல் கடந்து போவதானால் விதிகள் இன்னும் கடுமை. தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மின்சில்லு பொருத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு, ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம் எடுத்துச் சோதித்து, அதன் பின் 3 மாதம் காத்திருக்க வேண்டும். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் முதல் 6 மாதத்துக்குக் குறைந்த வயதுள்ள நாய்களை அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் 2000 வரை வந்திறங்கும் நாயை 6 மாதம் தனியே அடைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. ஆஸ்திரேலியாவோ இந்திய நாய் நேரே வருவதையே ஒப்புக்கொள்வதில்லை. அங்கீகரித்த வேறொரு தேசத்தில் தங்கித்தான் செல்ல வேண்டும். 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு குட்டி நாய்கள் தெரிவிக்கப்படாமல் தனி விமானத்தில் அங்கே போய் இறங்கின. உடனே வெளியேற்றாவிட்டால் கொன்றுவிட நேரும் என்று மந்திரியே எச்சரித்தார். நாய்கள் வந்த வழியே திரும்பின. செல்வமும் புகழும் அங்கே செல்லவில்லை.

இதையெல்லாம் கேட்டுச் சிலர், "நாய்க்கு இத்தனை சோதனையா?" என்று கோபிப்பார்கள். ஆனால் வெறிநோய் கண்டுவிட்டால் மனிதனும் பிழைப்பது அரிது. அந்நோய் இல்லாத தேசம் தன் மக்களைக் காக்க வாசலில் நின்று கேள்வி கேட்பது நியாயமே. கூண்டின் அளவு நாயைக் காக்க. எடையும் பையும் சக பிரயாணிகளைக் காக்க. ஊசியும் இரத்தச் சோதனையும் தேசத்தைக் காக்க. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துப் படித்தால், புரியாத விதி ஒன்றும் இராது.

நாயோடு ஆகாய மார்க்கம் போக முயன்றவர்களுள் முதல்வர் தருமபுத்திரர் என்று சொல்ல வேண்டும். மகாபாரதத்தின் முடிவில் இந்திரன் விமானத்தோடு வந்து, நாய்க்கு இதில் இடமில்லை என்கிறான். அடைக்கலம் என்று வந்ததை விட்டுவிட்டுச் சுவர்க்கம் வேண்டியதில்லை என்று அவர் நின்றுவிடுகிறார். இக்காலத்து இந்திரர்கள் அவ்வளவு எளிதில் இரங்குவதில்லை. இரயில்வேக்காரர்கள் கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள். முதல் வகுப்பில் ஒரு தனி அறை முழுவதையும் அமர்த்திக்கொண்டால் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் கார்டு வண்டியில் நாய்ப்பெட்டி உண்டு.

பெரியவர் வீட்டு நாயை இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். நாய்க்கு வயது 11. வைத்தியர் நெஞ்சில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். "விதிப்படி தடையில்லை, ஆனால் இந்த இதயத்தோடு, இந்த வயதில், நான் அனுப்பமாட்டேன். இரயிலில் இரண்டு இரவு போவதும் எனக்குச் சம்மதமில்லை" என்றார். மகன் ஏற்கெனவே கூண்டுக்குப் பணம் அனுப்பியிருந்தான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, அதே தெருவில் இருக்கும் தம்பி வீட்டாரைக் கூப்பிட்டார். பதினைந்து நாள் அவர்கள் கையாலேயே நாய்க்குச் சோறு வைக்கச் செய்தார். அதற்குப் பின்புதான் தம்பதிகள் டில்லிக்குப் புறப்பட்டார்கள். ஒரு வாரம் வரையில் நாய் பழைய வீட்டுத் திண்ணையிலேயே படுத்திருந்ததாம். எட்டாம் நாள் தம்பி வீட்டு வாசலில் படுத்ததாம். கூண்டுக்கென்று வந்த பணத்தை அதன் மருந்துச் செலவுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார் பெரியவர். மாதம் ஒரு தரம் நாயின் பசியும் நடையும் எப்படி என்று கடிதம் போல் நீளமாகத் தொலைபேசியில் கேட்டறிகிறார்கள்.

இள வயது நாயாக இருந்தால் கூண்டு செய்து, பழக்கி, இரவு விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கலாம், அதில் குற்றமில்லை. விமானக் கம்பெனியின் விதி "கொண்டுபோகலாமா?" என்ற கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். "கொண்டுபோவது நல்லதா?" என்ற கேள்வியை நாயின் வயதையும் உடம்பையும் மனத்தையும் பார்த்து வீட்டார்தாம் தீர்க்க வேண்டும். ஊரைவிட்டுப் போகும் குடும்பங்கள் நம் ஜில்லாவில் நாளுக்கு நாள் பெருகுகின்றன. புறப்படும் தேதியை நிச்சயிக்கும் முன்பே மிருக வைத்தியரைப் பாருங்கள். டிக்கட் வாங்கும் முன்பே விதியைப் படியுங்கள். அனுப்ப இயலாதென்று தெரிந்தால், தெருவில் விடாமல், அன்போடு சோறு வைக்கும் ஒரு கையைத் தேடி வையுங்கள். தனக்கு என்ன வேண்டும் என்று வாயில்லாப் பிராணி மனுப் போடாது. அதற்காக நாம்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.