ஆவி போக ஓட்டை

புதுக்கோட்டைப் பக்கம் புரவியெடுப்புக்கு மண் குதிரை செய்கிற வீடு எங்களுடையது. நான்கு கால்களையும் குழாயாக நிறுத்தி, அதன்மேல் வயிற்றை வளையம் வளையமாக அப்பா ஏற்றுவார். உள்ளே வெற்றிடம். ஆவி போக ஓட்டை விட மறந்தால் சூளையில் வெடித்துவிடும். அதனால் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்ததும், “நீ செய்யப்போறது உள்ள ஒண்ணுமில்லாத உருண்டை” என்று சார் சொன்னபோது எனக்கு மலைப்பில்லை. அளவைக் கேட்டதும்தான் திக்கென்றது. நான்கு மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பதினைந்து உருண்டை வரிசையாக நிற்கும்.

முதலில் அச்சு வேண்டும். கால்சியம் குளோரைடு கரைசலில் சோடியம் கார்பனேட்டை ஊற்றி அரை நிமிடம் வேகமாகக் கலக்கினால் பாலாக வெளுக்கும். அந்த வெளுப்பெல்லாம் கால்சியம் கார்பனேட் உருண்டைகள். முதல் தடவை அவற்றைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு விடுதிக்குப் போய்விட்டேன். காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உருண்டையைக் காணோம். கற்கண்டு மாதிரி முனைமுனையான படிகங்கள். வாட்டரைட் என்ற வடிவில் இருந்த கார்பனேட் ஈரத்தில் கால்சைட் என்ற படிகமாக மாறிவிட்டது. அன்றன்றைக்குச் செய்து அன்றன்றைக்கே பூச வேண்டும்.

பூச இரண்டு பாலிமர். பிஏஹெச்சில் நேர் மின்சுமை, பிஎஸ்எஸ்சில் எதிர் மின்சுமை. ஒன்று மாற்றி ஒன்று, உப்புக் கரைசலில், கால்மணி நேரம். ஒரு பூச்சு ஒன்றிரண்டு நானோமீட்டர்தான் ஏறும். பூசுவது பெரிதில்லை, கழுவுவதுதான் வேலை. சென்ட்ரிஃபியூஜில் அடியில் இறக்கி, மேல்தண்ணீரை எடுத்து, மூன்று முறை அலச வேண்டும். சோம்பேறித்தனப்பட்டால் மிச்சமிருக்கும் பாலிமர் அடுத்ததோடு தண்ணீரிலேயே பிணைந்து, எல்லாம் திரிந்த பாலாகத் திரளும். எனக்கு இரண்டு வாரம் திரிந்தது.

1998-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கூழ்ம, இடைமுக ஆய்வு நிறுவனத்தில் ஹெல்முத் மோவால்டின் குழுவினர் இப்படிப் பூசி, அச்சைக் கரைத்து, கூட்டை மட்டும் நிறுத்திக் காட்டினார்கள். அவர்களுடைய அச்சு மெலமைன் பிசின்; அமிலத்தில் கரைத்தார்கள். அதைப் படித்த தைரியத்தில் என் சுண்ணாம்பு உருண்டைகள்மேல் நானும் அமிலத்தை விட்டேன். புஸ்ஸென்று நுரைத்தது. மைக்ரோஸ்கோப்பில் கிழிந்த தோல்கள்தான் மிச்சம்.

அன்று ராத்திரி போனில் அப்பா கேட்டார்: “ஏத்தா, ஆவி போக ஓட்டை விட்டியா?”

ஓட்டை விட முடியாது. கூடே சல்லடை. ஆனால் அவ்வளவு கார்பன் டை ஆக்சைடும் ஒரே நேரத்தில் முட்டினால் தாங்காது. சீனியர் அக்கா ஈடிடிஏ கரைசலைக் கொடுத்தார். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வரும். பிறகு பச்சையாக ஒளிரும் டெக்ஸ்ட்ரான் என்ற பெரிய மூலக்கூறைக் கலந்து கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். பச்சை வயலில் கறுப்பு வட்டங்கள். சின்ன மூலக்கூறு போய்வருகிற சுவரில் பெரிய மூலக்கூறு நுழையவில்லை. கரைசலை அமிலப் பக்கம் தள்ளியதும் சில வட்டங்களுக்குள் பச்சை மெல்ல ஏறியது. மருந்தை உள்ளே வைத்துப் பூட்ட ஆசைப்படுகிறவர்கள் பலர் இதை நம்பியிருக்கிறார்கள்.

கூட்டைக் காயவிட்டால் ஆறிய பூரியாக அமுங்கி மடிப்பு விழும். தண்ணீரில் எழுபது டிகிரிக்குச் சூடாக்கினால் சுருங்கும், சுவர் தடிக்கும். இதை அப்பாவிடம் சொன்னேன்.

“சூட்டுல சிறுக்கும்னு தெரியும்ல, பெருசாப் புடிக்க வேண்டியதுதானே?”

மறுநாள், உருண்டை பெரிதாக வர, கலக்கும் வேகத்தைக் குறைத்தேன்.