கேம்பல் லேனில் ஒரு கம்பிக்கோலம்

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் கரும்பும் மஞ்சள்கொத்தும் மண்பானையும் வாங்க நெரிசல். மாடு பார்க்கப் பிள்ளைகளைத் தோளில் தூக்கியபடி இன்னொரு கூட்டம். ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த பேட்டை இது. பக்கத்து பஃபலோ ரோடு அதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது.

நடுவில், கறுப்பு விரிப்பில் கோல ஆசிரியை ஒருவர் குந்தியிருக்கிறார். 15 புள்ளி, இடைப்புள்ளி, எட்டில் நிறுத்தம். புள்ளி மட்டும் அவர் கை. கம்பி முழுக்கச் சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்கு.

தூடோங் முக்காடு அணிந்த பெண் ஒருத்தி மாவை விரலிடுக்கில் இறுக்கிப் பிடிக்கிறாள். விழவில்லை. தளர்த்துகிறாள்; குவியலாகக் கொட்டுகிறது. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் தன் கையை அவள் கண்ணெதிரே நீட்டி, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் மாவை உருட்டிக் காட்டுகிறார். அவளும் உருட்டுகிறாள். இழை இறங்குகிறது.

"ஆண்டி, கேன் ஆ?" என்கிறான் சீனப் பையன்.

"கேன், கேன்."

சிங்கப்பூரில் கோலத்தை இப்படி வாசலைத் தாண்டி ஊருக்கு நடுவே கொண்டுவந்தவர்களில் விஜயா மோகன் முக்கியமானவர். 2003இல் 2,756 சதுர அடிக்குக் கோலமிட்டு கின்னஸில் இடம்பிடித்தார். 2022 பொங்கலையொட்டி, மகளோடு சேர்ந்து 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளால் தமிழ்ப் புலவர்களின் உருவங்களை அமைத்தார். அதையும் லிட்டில் இந்தியாவில்தான் வைத்தார்கள். மாவின் இடத்துக்குக் குச்சி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஐஸ்கிரீம் குச்சி என்றால் எந்த வீட்டுப் பிள்ளையும் கை நீட்டும்.

"அக்கா, அங்க ஒரு கம்பி விட்டுப்போச்சு."

குரல் வந்த பக்கம் எல்லாரும் திரும்புகிறோம். விடுமுறைக்கு இந்தத் தேக்கா வட்டாரத்துக்கு வந்த தொழிலாளித் தம்பி, கையில் காய்கறிப் பை. ஆசிரியை மாவுக் கிண்ணத்தை அவனிடம் நீட்டுகிறார். தயங்குகிறான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, மூன்று புள்ளிகளை வளைத்து ஒரே இழுப்பில் முடிச்சுப் போடுகிறான். விரல் நடுங்கவில்லை. வீட்டில் யார் போட்டதைப் பார்த்துப் பழகினானோ!

சீனப் பையன் கைப்பேசியை எடுத்துவிட்டான். "ஒன்ஸ் மோர், ஸ்லோ."

"ஸ்லோ, ஸ்லோ" என்று சிரித்துக்கொண்டே அடுத்த கம்பியைத் தொடங்குகிறான் தம்பி. பிள்ளைகள் அவன் பக்கம் நகர்ந்து உட்காருகிறார்கள். ஆசிரியை எழுந்து, அடுத்த விரிப்பில் புள்ளி வைக்கப் போய்விட்டார்.