முறுக்கும் அளவும்

‘மரை கழன்றவன்’ என்று ஒருவரைக் கேலி செய்யும் வழக்கு நம்மிடையே உண்டு. தளர்ச்சியைப் பழிக்கும் மொழி மிகையான இறுக்கத்தை அவ்வாறு பழிப்பதில்லை. இறுக்கம் என்றாலே உறுதி என்று நம்பிவிடுகிறோம். மயிலிறகேயாயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவது பாரத்தைப் பற்றியதுதான். எனினும் ஸ்பேனர் பிடிக்கும் கைக்கும் அது பொருந்தும் என்பதை என் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசிடர் காரே எனக்குக் கற்பித்தது.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்துவந்த வண்டி அது. 2014 மே மாதத்தோடு அந்த உற்பத்தி நின்றுபோயிற்று. எங்களுடையது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் கொண்ட மார்க் 4. நகருக்குள் அதன் குறை எதுவும் புலப்படாது. பழனியிலிருந்து வரதமாநதி அணையைக் கடந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போதுதான் எஞ்சினின் உண்மை நிலை வெளிப்படும். சுமார் 65 கிலோமீட்டர்ப் பாதை. பெரும்பகுதி ஏற்றமும் வளைவும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை அழைத்துக்கொண்டு அப்பாதையில் சென்றேன். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஒரு பட்டறையில் எஞ்சினின் ஹெட்டை இறக்கி, புதிய கேஸ்கெட் வைத்து மாட்டியிருந்தார்கள். சவரிக்காட்டை நெருங்குகையில் பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறியது. ரேடியேட்டரில் நீர் இல்லை. மூட்டுவலியுள்ள முதியவரோடு அந்தக் குளிரில் மூன்று மணி நேரம் சாலையோரம் காத்திருந்து, பின்னர் ஒரு காய்கறி வேனில் இடம் பெற்றுக் கீழே இறங்கினோம். கார் மறுநாள் கட்டியிழுத்துக் கொண்டுவரப்பட்டது.

பழனியில் நாற்பதாண்டுகளாக அம்பாசிடர் மட்டுமே பார்த்துவரும் மெக்கானிக் ஒருவர் ஹெட்டைப் பிரித்தார். அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் 11. அவற்றுள் சில விரலால் தள்ளினாலே சுழலுமளவு தளர்ந்திருந்தன. வேறு சில, ஸ்பேனரில் குழாய் மாட்டி முறுக்கப்பட்டவை. ஒரு ஸ்டட்டை என் கையில் தந்து, “மரைக்குப் பக்கத்துல தடவிப் பாருங்க சார்” என்றார். அவ்விடத்தில் அது இடைசிறுத்திருந்தது.

போல்ட் என்பது உண்மையில் ஒரு வில்சுருள். இறுக்கும்போது அது மயிரிழையளவு நீள்கிறது. பழைய நீளத்திற்குத் திரும்ப முயலும் அந்த இழுப்பே இரு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. இழுப்பு போதாவிடில் கேஸ்கெட் கசியும். எல்லை மீறினால் இரும்பு நீண்டது நீண்டதாகவே நின்றுவிடும். வெளித்தோற்றத்தில் இறுகியிருந்தாலும் பிடிமானம் இராது. பதினொன்றும் பதினொரு விதமாக இருந்தால் ஹெட்டே கோணிவிடும்.

கணக்கு எளிது. ஓரடிக் கைப்பிடியின் முனையில் 40 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 18 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தால் 40 அடி-பவுண்டு முறுக்குவிசை. குழாய் மாட்டி இரண்டடியாக்கினால் அதே இழுப்பு 80 ஆகிவிடும். இழுத்தவருக்கோ வேறுபாடு தெரியாது. மேலும், தரும் விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டுகிறது. எஞ்சியதை மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வு தின்றுவிடுகிறது. ஆகவே துருவேறிய மரையில் குறித்த அளவுக்கு முறுக்கினாலும் பிடிப்பு குறையும். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெயிட்ட மரைக்குத் தந்தால் இழுப்பு மிகும்.

அந்த முதியவர் ஸ்டட்டுகளைக் கம்பித் தூரிகையால் துலக்கி, கெட்டவற்றை மாற்றினார். பின்னர் பெட்டியிலிருந்து டார்க் ரென்ச்சை எடுத்தது எனக்கு வியப்பளித்தது. இத்தனை ஆண்டு அனுபவத்திற்குக் கையே போதாதா என்று கேட்டேன்.

“கை பொய் சொல்லும் சார். காலைல ஒரு கை, சாயங்காலம் ஒரு கை.”

நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி வெளிநோக்கிச் சென்றார். முதற்சுற்றில் பாதியளவு, அடுத்ததில் முக்கால், மூன்றாவதில் முழு அளவு. ஒவ்வொரு முறையும் ‘டக்’ என்ற ஒலி எழுந்ததும் கையை எடுத்துவிட்டார். அதற்குமேல் ஒரு சிறு இழுப்பும் இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் எஞ்சின் ஆறிய நிலையில் மீண்டும் கொண்டுவரச் சொன்னார். கேஸ்கெட் அமுங்கியபின் மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியையும் சரிபார்க்க வேண்டுமாம்.

உற்பத்தி நின்றுபோன வண்டியில் ஒவ்வொரு ஸ்டட்டும் அரும்பொருள். பிளாக்கிற்குள் ஒன்று முறிந்தால் அதைத் துளையிட்டு எடுப்பது பெரும்பாடு. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள், வேலை முடிந்ததும் எந்த அளவுக்கு முறுக்கினீர்கள் என்று கேளுங்கள். “நல்லா டைட்டா இருக்கு” என்பது அதற்கு விடையாகாது.