வாப்பாவின் குறட்டை

வாப்பாவின் குறட்டையைச் சொல்லிச் சிரித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். "மனுசன் அலுப்புல நல்லா நித்திர கொள்றார்" என்பார் உம்மா.

போன நோன்பில் சஹருக்கு எழும்பியபோதுதான் கவனித்தேன். குறட்டை சட்டென்று நின்றது. மூச்சும் நின்றது. பத்துக்கு மேல் எண்ணிவிட்டேன். பிறகுதான் திணறிக்கொண்டு மூச்செடுத்தார்.

டொக்டர் சொன்ன பெயர் 'ஸ்லீப் எப்னியா'. நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வுக் கணிப்பின்படி, உலகில் 30 முதல் 69 வயதுக்குட்பட்டோரில் சுமார் 936 மில்லியன் பேருக்கு இது இருக்கிறது. பலருக்கு இருப்பதே தெரியாது.

பகலில் கடையில் இருந்தபடியே வாப்பா தூங்கி விழுந்ததை, வயசு என்று நினைத்தோம். பிரஷர் குறையாததற்கும் இது காரணமாகலாமாம்.

உங்கள் வீட்டிலும் குறட்டை இடையில் நின்று திணறுகிறதா? சிரிக்காதீர்கள். எண்ணிப் பாருங்கள். டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.